ஸ்பானிய எண்களைத் தமிழ் வழியாகவே கற்போம்: மலையகத்துக்கான முழு வழிகாட்டி

இலங்கை மலையகத்தின் எல்ல என்னும் ஊரில், ஒன்பது வளைவு ரயில் பாலத்துக்கு இறங்கும் பாதையில் சிறிது நேரம் நின்றால் பல மொழிகள் காதில் விழும். அதில் ஸ்பானிய மொழியும் உண்டு. ஸ்பெயின்காரர்கள் மட்டுமல்ல, மெக்சிகோவிலிருந்து அர்ஜென்டினா வரை பல நாட்டுக்காரர்களும் அந்த மொழியோடுதான் வருகிறார்கள். அவர்களில் ஆங்கிலம் தடுமாறுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆட்டோ ஓட்டுகிற அண்ணனுக்கும், ஹோம்ஸ்டே நடத்துகிற அக்காவுக்கும், தேயிலைக் கடையில் நிற்கிற தங்கச்சிக்கும் அவர்களோடு அன்றாடம் பேச வேண்டியது விலை, நேரம், தூரம், எத்தனை பேர் என்ற கணக்கு. எல்லாமே எண்கள்தான்.

நான் இந்த எண்களை முதலில் ஆங்கிலத்தின் வழியாகப் படித்தேன். ஆங்கில எண்ணை நினைத்து, அதை ஸ்பானியத்துக்கு மாற்றிச் சொல்வேன். பல மாதம் போன பிறகுதான் புரிந்தது, அது சுற்றுவழி. எண்களைக் கட்டும் விதத்தில் ஸ்பானியம் பல இடங்களில் ஆங்கிலத்தை விடத் தமிழுக்குத்தான் நெருக்கமாக நிற்கிறது. ஆங்கிலத்தை நடுவில் விடாமல் நேராகத் தமிழிலிருந்து போனால் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும். அந்த வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: வாயைத் தயார் செய்யுங்கள்

எண்ணை மனப்பாடம் செய்வதற்கு முன் நான்கு ஒலிகளைச் சரி செய்துகொள்ளுங்கள். இதை அவசரப்பட்டுக் கடக்க வேண்டாம்.

ஸ்பானியத்தில் நம் ‘ட’ போன்ற ஒலி இல்லை. இருப்பது ‘த’. மூன்று என்பதற்கு அவர்கள் சொல்வது ‘த்ரேஸ்’. ‘ட்ரேஸ்’ என்று சொன்னால் ஆங்கில வாடை அடிக்கும். நாக்கு நுனி மேற்பல்லில் படட்டும், ‘பத்து’ என்று சொல்லும்போது படுகிற மாதிரி. இரண்டு என்பதற்கான ‘தோஸ்’, பத்து என்பதற்கான ‘தியெஸ்’ ஆகியவற்றில் வருவது மென்மையான த, ‘பந்து’ என்னும் சொல்லில் இருப்பது. இரண்டு ஒலியும் நம்மிடம் உண்டு.

அடுத்தது நமக்கே உரிய ஒரு சிக்கல். மெல்லினத்துக்குப் பின் வரும் வல்லினத்தை நாம் இயல்பாக மென்மையாக்கிவிடுவோம். ‘சங்கு’ என்பதில் கு எப்படி ஒலிக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். ஸ்பானியத்தில் அப்படி ஆகாது. ஐந்து என்பது ‘ஸிங்க்கோ’, க்-கை அழுத்திச் சொல்ல வேண்டும். ‘ஸிங்கோ’ என்றால் தவறு. இருபது ‘பெய்ன்த்தே’, இங்கேயும் த் வல்லினமாகவே நிற்கும். இரண்டு உயிர்களுக்கு நடுவே வந்தாலும் இதே கதைதான்: ஏழு ‘ஸியெத்தே’, ‘ஸியெதே’ அல்ல. அதனால்தான் இந்த வழிகாட்டி முழுக்க நான் ‘ன்த்த’, ‘ங்க்க’ என்று கொஞ்சம் விசித்திரமாக எழுதியிருக்கிறேன். எழுத்தில் இரட்டித்தாலும் ஒலியில் ஒற்றையாக, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள்.

மூன்றாவது, ‘பெய்ன்த்தே’யின் முதல் ஒலி ‘பஸ்’ஸில் வரும் ப. அதை அவர்கள் எழுதுவது வ ஒலிக்கான எழுத்தில்தான். ஆனால் சொல்லின் தொடக்கத்தில் உதடு சேர்ந்துவிடும்.

நான்காவது ஞ. ஆங்கிலம் பேசுகிறவர்கள் இதைக் கற்கச் சிரமப்படுவார்கள், நமக்கு அரிச்சுவடியிலேயே இருக்கிறது. வருடம் என்பது ‘ஆஞோ’. தயவுசெய்து இதை ‘ஆனோ’ என்று சொல்லிவிடாதீர்கள். அது உடலின் மறைவான பகுதி ஒன்றைக் குறிக்கும் வேறு சொல்.

இன்னொன்று. ‘ஸிங்க்கோ’, ‘தியெஸ்’, ‘ஸேரோ’ போன்ற சில சொற்களில் ஸ்பெயினின் பெரும்பகுதி மக்கள் ஸ்-க்குப் பதிலாக நாக்கு நுனியைப் பற்களுக்கு நடுவே வைத்துக் காற்றை விடுவார்கள். லத்தீன் அமெரிக்காவில் எல்லாம் ஸ்-தான். நீங்கள் ஸ் என்றே சொல்லுங்கள், இரு பக்கத்தாருக்கும் புரியும். ஆனால் ஸ்பெயின்காரர் சொல்லும்போது அடையாளம் தெரிய வேண்டும், அதற்காகவே சொல்லி வைக்கிறேன்.

இரண்டாம் படி: பூச்சியத்திலிருந்து பதினைந்து வரை

இங்கே குறுக்குவழி கிடையாது. பதினாறு சொற்களையும் அப்படியே மனத்தில் ஏற்ற வேண்டும்.

ஸேரோ (0), ஊனோ (1), தோஸ் (2), த்ரேஸ் (3), குவாத்ரோ (4), ஸிங்க்கோ (5), ஸெய்ஸ் (6), ஸியெத்தே (7), ஓச்சோ (8), நுவேவே (9), தியெஸ் (10).

ஓன்ஸே (11), தோஸே (12), த்ரேஸே (13), கத்தோர்ஸே (14), கின்ஸே (15).

பன்னிரண்டுக்குள் இரண்டு ஒளிந்திருக்கிறது (தோஸ், தோஸே), பதின்மூன்றுக்குள் மூன்று ஒளிந்திருக்கிறது (த்ரேஸ், த்ரேஸே). கடைசியில் வரும் ‘ஏ’யை விழுங்கிவிட்டால் பன்னிரண்டு இரண்டாகிவிடும், கவனம்.

உட்கார்ந்து ஒப்பிப்பதை விட நடக்கும்போது எண்ணுவது எனக்குக் கைகொடுத்தது. நம் ஊரில் படிக்கட்டுக்குப் பஞ்சமில்லை. லய வீட்டிலிருந்து பாதைக்கு ஏறும் படிகளைத் தினமும் ஸ்பானியத்தில் எண்ணுங்கள். பதினைந்து வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குங்கள். அப்புறம் இறங்கும்போது பதினைந்திலிருந்து கீழ்நோக்கி. பின்னோக்கி எண்ண வந்துவிட்டால் அந்த எண் உங்களுடையது. முன்னோக்கி மட்டும் தெரிந்தால் அது பாட்டு மாதிரி, நடுவிலிருந்து ஒரு சொல்லைத் தனியாக எடுக்க வராது.

மூன்றாம் படி: பதினாறிலிருந்து தொண்ணூற்றொன்பது வரை

இங்கிருந்து கட்டுமானம் தொடங்குகிறது. பதினாறு ‘தியெஸிஸெய்ஸ்’. பிரித்துப் பார்த்தால் தியெஸ், இ, ஸெய்ஸ்: பத்தும் ஆறும். நம் பதினாறும் அப்படித்தானே. தொடர்ந்து தியெஸிஸியெத்தே (17), தியெஸியோச்சோ (18), தியெஸிநுவேவே (19).

இருபது ‘பெய்ன்த்தே’. இருபதுகள் எல்லாம் ஒட்டி ஒரே சொல்லாகிவிடும், நம் இருபத்தொன்று, இருபத்திரண்டு மாதிரி: பெய்ன்த்தியூனோ (21), பெய்ன்த்திதோஸ் (22), பெய்ன்த்தித்ரேஸ் (23), பெய்ன்த்திக்குவாத்ரோ (24). இப்படியே பெய்ன்த்திநுவேவே (29) வரை.

முப்பதுக்கு மேல் சொற்கள் பிரிந்து நிற்கும். நடுவில் ‘இ’ வரும், அதற்கு ‘உம்’ என்று பொருள். முப்பத்தொன்று ‘த்ரெய்ன்த்தா இ ஊனோ’. பத்துகள் இவை: த்ரெய்ன்த்தா (30), குவாரென்த்தா (40), ஸிங்க்குவென்த்தா (50), ஸெஸென்த்தா (60), ஸெத்தென்த்தா (70), ஓச்சென்த்தா (80), நோவென்த்தா (90). நாற்பத்தெட்டு ‘குவாரென்த்தா இ ஓச்சோ’. தொண்ணூற்றைந்து ‘நோவென்த்தா இ ஸிங்க்கோ’.

தமிழில் தொண்ணூறு கொஞ்சம் முரண்டு பிடிக்கும் எண்: ஒன்பதிலிருந்து வருவது, ஆனால் நூறு என்று முடியும். ஸ்பானியத்தில் அப்படி இல்லை, நுவேவே, நோவென்த்தா என்று ஒழுங்காகவே போகிறது.

இந்தப் படியில் உண்மையாகவே ஆபத்தானது ஆறும் ஏழும். ஸெய்ஸ், ஸியெத்தே. அறுபதும் எழுபதும் இன்னும் மோசம்: ஸெஸென்த்தா, ஸெத்தென்த்தா. ஒரே ஒரு ஒலிதான் வேறு. ஒரு முறை அப்புத்தளையில் ஒரு தம்பதி காலை ஆறு மணிக்கு வரச் சொன்னார்கள். நான் ஏழு என்று எடுத்துக்கொண்டு ஏழு மணிக்குப் போய் நின்றேன். ரயில் போய்விட்டது. அவர்கள் ஆசையாகக் காத்திருந்த மலை ரயில் பயணம் பஸ்ஸில் முடிந்தது. அவர்கள் கோபப்படவில்லை, ஆனால் அந்த அம்மாவின் முகம் இன்றும் மனத்தில் நிற்கிறது. அன்றிலிருந்து ஆறோ ஏழோ வந்தால் விரலைக் காட்டித் திருப்பிக் கேட்பேன். அறுபதா எழுபதா என்று சந்தேகம் வந்தால் இலக்கம் இலக்கமாகக் கேளுங்கள்: ‘ஸெய்ஸ், ஸேரோ?’ அவர் ‘ஸி’ என்றால் அறுபது. ‘ஸி’ என்றால் ஆம்.

நான்காம் படி: ஒன்றா, ஒருவா?

ஆங்கிலத்தின் வழியாகப் படிப்பவர்கள் தடுமாறும் இடம் இது. நமக்குத் தடுமாற வேண்டிய அவசியமே இல்லை. தமிழில் தனியாகச் சொன்னால் ‘ஒன்று’. பெயருக்கு முன் வந்தால் ‘ஒரு’. ‘ஒன்று கிலோ’ என்று யாரும் சொல்வதில்லை. ஸ்பானியத்திலும் அதேதான்: தனியாக ‘ஊனோ’, பெயருக்கு முன் ‘உன்’. ஒரு கிலோ ‘உன் கிலோ’. ஒரு தேநீர் ‘உன் தே’. ஆமாம், தேநீருக்கு அவர்கள் சொல்வதும் ‘தே’தான். தேயிலையின் ‘தே’யும் அந்தத் ‘தே’யும் சீனாவின் மின்னான் பேச்சுவழக்குச் சொல் ஒன்றிலிருந்து கிளம்பி ஊர் ஊராகப் போனவை.

தமிழில் இல்லாதது ஒன்று உண்டு. ஸ்பானியத்தில் பொருள்களுக்கும் ஆண்பால், பெண்பால் இருக்கிறது. பெண்பால் சொல்லுக்கு முன் ‘உன்’ போய் ‘ஊனா’ வரும். ‘ஆ’வில் முடியும் சொற்கள் பெரும்பாலும் பெண்பால். ஒரு ஆள் ‘ஊனா பெர்ஸோனா’. இரவு என்னும் ‘நோச்சே’ அப்படி முடியாவிட்டாலும் பெண்பால்தான், எனவே ஒரு இரவு ‘ஊனா நோச்சே’. ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்கள் இந்த இரண்டையும் முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். ‘குவான்த்தாஸ் பெர்ஸோனாஸ்?’ என்றால் எத்தனை பேர்? ‘குவான்த்தாஸ் நோச்சேஸ்?’ என்றால் எத்தனை இரவு? பதில் ‘ஸோமோஸ் குவாத்ரோ’ என்று வரலாம். நாங்கள் நாலு பேர் என்று பொருள்.

ஐந்தாம் படி: நூறும் ஆயிரமும்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. நூறு ‘ஸியென்’. நூற்றொன்று ‘ஸியென்த்தோ ஊனோ’. நம் ‘நூறு’ வேறு எண்ணோடு சேரும்போது ‘நூற்று’ ஆகிறதே, அதைப் போலவே ‘ஸியென்’ ‘ஸியென்த்தோ’ ஆகிறது. நூற்றைம்பது ‘ஸியென்த்தோ ஸிங்க்குவென்த்தா’. நூறுக்குப் பின் ‘இ’ போடவே கூடாது. அது பத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் மட்டும்தான் வரும். ஆங்கிலத்தில் நூறுக்குப் பின் ஒரு ‘உம்’ போட்டுப் பழகியவர்கள் இங்கே தவறுவார்கள்.

இருநூறிலிருந்து: தோஸியென்த்தோஸ் (200), த்ரேஸியென்த்தோஸ் (300), குவாத்ரோஸியென்த்தோஸ் (400), கினியென்த்தோஸ் (500), ஸெய்ஸியென்த்தோஸ் (600), ஸெத்தெஸியென்த்தோஸ் (700), ஓச்சோஸியென்த்தோஸ் (800), நோவெஸியென்த்தோஸ் (900). இதில் ஐந்நூறு, எழுநூறு, தொள்ளாயிரம் மூன்றும் வழி தவறிய பிள்ளைகள். தனியாகப் படியுங்கள்.

ஆயிரம் ‘மில்’. நாம் ‘ஆயிரம் ரூபாய்’ என்றே சொல்கிறோம், ‘ஒரு’ போடத் தேவையில்லை. ஆனால் ‘ஒரு லட்சம்’, ‘ஒரு கோடி’ என்று ‘ஒரு’ போடுவோம். ஸ்பானியத்திலும் ‘ஸியென்’, ‘மில்’ இரண்டும் தனியாகவே நிற்கும். பத்து லட்சத்துக்குத்தான் ‘உன் மியோன்’ என்று ‘உன்’ வரும். இந்த ஒற்றுமையை முதலில் கவனித்த அன்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. லட்சத்துக்குத் தனிச்சொல் அவர்களிடம் இல்லை. ஒரு லட்சம் ‘ஸியென் மில்’, அதாவது நூறு ஆயிரம். ஒரு கோடி ‘தியெஸ் மியோனேஸ்’.

ஆறாம் படி: ரூபாயில் விலை சொல்வது

ரூபாய் ஸ்பானியத்தில் ‘ர்ரூப்பியா’. முதல் ‘ர்’ நாக்கு நன்றாக உருள வேண்டும். அது ஒரு பெண்பால் சொல். 200 முதல் 900 வரையான எண்கள் பெண்பால் சொல்லுக்கு முன் ‘ஓஸ்’ விட்டு ‘ஆஸ்’ ஆகும். ஆகவே நாம் ரூபாயில் விலை சொல்லும்போதெல்லாம் ‘ஆஸ்’தான். இருநூறு ரூபாய் ‘தோஸியென்த்தாஸ் ர்ரூப்பியாஸ்’. ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ‘மில் கினியென்த்தாஸ் ர்ரூப்பியாஸ்’. ஆயிரத்து இருநூற்றைம்பது ‘மில் தோஸியென்த்தாஸ் ஸிங்க்குவென்த்தா ர்ரூப்பியாஸ்’. நூறு மாறாது: ‘ஸியென் ர்ரூப்பியாஸ்’. யூரோ ஆண்பால், எனவே அங்கே ‘ஓஸ்’: ‘தோஸியென்த்தோஸ் எவுரோஸ்’.

பல ஸ்பானியப் பாடங்கள் யூரோவிலேயே பயிற்சி தருவதால், அதைப் படித்து வருகிற நம்மவர்கள் ரூபாய்க்கும் ‘ஓஸ்’ போட்டுவிடுகிறார்கள். புரியாமல் போகாது, ஆனாலும் சரியாகச் சொன்னால் வந்தவர் முகத்தில் ஒரு மலர்ச்சி தெரியும்.

அவர்கள் விலை கேட்பது ‘குவான்த்தோ எஸ்?’ அல்லது ‘குவான்த்தோ குவெஸ்த்தா?’ இரண்டுமே ‘எவ்வளவு?’தான்.

எழுதிக் காட்டும்போது ஒரு எச்சரிக்கை. நாம் ஆயிரத்து ஐந்நூறை 1,500 என்று எழுதுவோம். ஸ்பெயினில் 1.500 என்று புள்ளி வைத்து எழுதும் பழக்கம் உண்டு, தசமத்துக்குத்தான் அவர்களுக்குக் காற்புள்ளி. மெக்சிகோவில் நம் முறைதான். விலைப்பலகையில் காற்புள்ளியோ புள்ளியோ போடாமல் 1500 என்று எழுதிவிட்டால் பிரச்சினையே இல்லை. அவர்கள் கையால் எழுதும் ஏழின் நடுவில் ஒரு குறுக்குக் கோடு இருக்கும். ஒன்றுக்கு மேலே நீண்ட கொக்கி இருக்கும், அதை ஏழு என்று எண்ணிவிடாதீர்கள்.

ஏழாம் படி: மணி

ஒரு மணிக்கு மட்டும் ‘எஸ் லா ஊனா’. மற்ற எல்லாவற்றுக்கும் ‘ஸோன் லாஸ்…’: ‘ஸோன் லாஸ் தோஸ்’ இரண்டு மணி. இத்தனை மணிக்கு என்றால் ‘அ லாஸ்’: ஆறு மணிக்கு ‘அ லாஸ் ஸெய்ஸ்’. காலை என்றால் பின்னால் ‘தே லா மஞானா’, பின்னேரம் என்றால் ‘தே லா தார்தே’.

ஏழரை ‘லாஸ் ஸியெத்தே இ மேதியா’, ஏழேகால் ‘லாஸ் ஸியெத்தே இ குவார்த்தோ’. இரண்டும் நம் சொற்களின் அச்சு. ஏழேமுக்காலில்தான் பிரிகிறோம். நாம் ஏழில் நின்று முக்காலைக் கூட்டுகிறோம், ஸ்பெயின்காரர் எட்டில் நின்று காலைக் கழிக்கிறார்: ‘லாஸ் ஓச்சோ மேனோஸ் குவார்த்தோ’. எட்டு என்ற சொல் காதில் விழுந்ததும் எட்டு மணி என்று முடிவு கட்டாதீர்கள், வாக்கியம் முடியும் வரை கேளுங்கள். லத்தீன் அமெரிக்காவில் பல இடங்களில் ‘உன் குவார்த்தோ பாரா லாஸ் ஓச்சோ’, அதாவது எட்டுக்குக் கால் மணி இருக்கிறது என்பார்கள்.

எட்டாம் படி: ஆண்டும் உயரமும்

வழிகாட்டியாக வேலை செய்கிறவர்களுக்கு இது சோறு போடும் படி. ஆங்கிலத்தில் 1921ஐ பத்தொன்பது, இருபத்தொன்று என்று இரண்டாகப் பிளந்து சொல்வார்கள். தமிழில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்று என்று முழுதாகச் சொல்கிறோம். ஸ்பானியமும் முழுதாகவே சொல்லும்: ‘மில் நோவெஸியென்த்தோஸ் பெய்ன்த்தியூனோ’. அது ஒன்பது வளைவுப் பாலம் கட்டி முடிந்த ஆண்டு. பாலத்தின் பெயரை ‘புவென்த்தே தே லோஸ் நுவேவே ஆர்க்கோஸ்’ என்று சொல்லுங்கள். ரயில் பதுளை வரை போய்ச் சேர்ந்தது 1924இல்: ‘மில் நோவெஸியென்த்தோஸ் பெய்ன்த்திக்குவாத்ரோ’. லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட 1867: ‘மில் ஓச்சோஸியென்த்தோஸ் ஸெஸென்த்தா இ ஸியெத்தே’.

உயரம் கேட்காத விருந்தினர் குறைவு. சிவனொளிபாத மலை 2243 மீட்டர்: ‘தோஸ் மில் தோஸியென்த்தோஸ் குவாரென்த்தா இ த்ரேஸ் மெத்ரோஸ்’. நாட்டிலேயே உயரமான பிதுருதலாகலை 2524: ‘தோஸ் மில் கினியென்த்தோஸ் பெய்ன்த்திக்குவாத்ரோ மெத்ரோஸ்’. இந்த இரண்டையும் தடங்கலில்லாமல் சொல்ல வந்துவிட்டால் ஆயிரங்கள் உங்கள் கைக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு எண். தோட்ட வேலைக்காக நம் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து மலையகத்துக்கு வந்து இருநூறு ஆண்டு ஆனதற்காக 2023இல் ‘மலையகம் 200’ நினைவுகூரல் நடந்தது. தேயிலை மலையைப் படம் எடுக்கிறவர்களுக்கு அந்த மலையை யார் உண்டாக்கினார்கள் என்று தெரிவதில்லை. நான் எந்தப் பயணத்திலும் ஒரு இடத்தில் ஆட்டோவை நிறுத்தி அதைச் சொல்லிவிடுவேன். ‘ஆஸே தோஸியென்த்தோஸ் ஆஞோஸ்’ என்றால் இருநூறு வருடங்களுக்கு முன்பு. மீதியைக் கையாலும் தெரிந்த ஆங்கிலத்தாலும் சொல்லலாம், அந்த எண்ணை மட்டும் அவர்கள் மொழியில் சொல்லுங்கள். கொழுந்து பறிக்கிறவர்களைக் காட்டி ‘குவான்த்தோஸ் கிலோஸ்?’ என்று அடுத்துக் கேட்பார்கள். அதற்கும் பதில் தயாராக இருக்கட்டும். 18 கிலோ என்றால் ‘தியெஸியோச்சோ கிலோஸ்’.

வயதையும் இதோடு சேர்த்துவிடலாம். அவர்கள் வயதை ‘வைத்திருப்பார்கள்’: ‘தெங்கோ த்ரெய்ன்த்தா ஆஞோஸ்’ என்றால் எனக்கு முப்பது வயது. இங்கே ங்கோ மென்மையாகவே வரும், நம் வழக்கப்படி.

வரிசை எண்களில் இப்போதைக்கு மூன்று போதும்: ப்ரிமேரா, ஸெகூந்தா, தெர்ஸேரா. ரயிலில் முதலாம், இரண்டாம், மூன்றாம் வகுப்பு: ‘ப்ரிமேரா க்ளாஸே’, ‘ஸெகூந்தா க்ளாஸே’, ‘தெர்ஸேரா க்ளாஸே’. ஸெகூந்தாவில் கூ, தா இரண்டும் மென்மையான ஒலி.

ஒன்பதாம் படி: தினமும் பத்து நிமிடம்

முதல் வாரம் படிக்கட்டு. இரண்டாம் வாரம் எதிரில் வரும் வாகனங்களின் இலக்கத் தகடு. அதில் வரும் நான்கு இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், பிறகு இரண்டிரண்டாக, பிறகு முழு எண்ணாக. இரண்டிரண்டாகச் சொல்வது வீண் வேலை அல்ல, ஸ்பெயினில் தொலைபேசி எண்ணைப் பலர் அப்படித்தான் சொல்வார்கள். ஓட்டுகிறவர்கள் வண்டியை நிறுத்தியிருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள்.

மூன்றாம் வாரம் வீட்டில் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். தங்கச்சி ஒரு தாளில் விலையை எழுதிக் காட்டட்டும், நீங்கள் சொல்லுங்கள். பிறகு மாற்றிச் செய்யுங்கள்: அவள் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். இந்த இரண்டாவதுதான் கடினம், அதற்கு அதிக நேரம் கொடுங்கள். வந்தவர் வேகமாகப் பேசும்போது நம்மைக் காப்பாற்றுவது வாய் அல்ல, காது. வேகமாகப் போனால் ‘மாஸ் தெஸ்பாஸியோ, போர் ஃபவோர்’ என்று கேளுங்கள். கொஞ்சம் மெதுவாக, தயவுசெய்து என்று அர்த்தம்.

நான்காம் வாரம் ஆளைத் தேடிப் போங்கள். முதல் பேச்சு இவ்வளவு சின்னதாக இருந்தால் போதும்:

‘குவான்த்தோ எஸ்?’
‘மில் கினியென்த்தாஸ் ர்ரூப்பியாஸ். குவான்த்தாஸ் பெர்ஸோனாஸ்?’
‘ஸோமோஸ் த்ரேஸ்.’
‘அ லாஸ் ஸெய்ஸ் தே லா மஞானா?’

இந்த இடத்தில் ஆறு விரலைக் காட்டுங்கள். அவர் தலையாட்டும் வரை கையை இறக்காதீர்கள்.